காப்புக் கட்டாத கை

பங்குனி 1, வெள்ளி

பொட்டல்காளி சாட்சியாக எழுதுகிறேன். இனி இந்த டைரியில் வரப்போவதை உலகத்தில் ஒருத்தரும் நம்பப் போவதில்லை. என் கூடப் பிறந்தவள் நம்ப மாட்டாள். எங்கள் இலந்தங்குடியின் தலைவர் அம்பலம் நம்ப மாட்டார். எழுதுகிற என் வலது கையே பாதி வரியில் நின்று, “நெசமாவா மாமா?” என்று கேட்கும். ஊரில் தொட்டில் பிள்ளை முதல் பல் போன கிழம் வரை எல்லாருக்கும் நான் மாமா. கைக்கு மட்டும் என்ன விதிவிலக்கு?

பெயர் சாத்தையா. இன்று காலை முதல் காளி பொட்டலின் தலைமைக் காவலதிகாரி. எனக்குக் கீழே யாரும் இல்லை என்பதால் கடைநிலைக் காவலனும் நானே. நானூறு ஏக்கர் பூமி, அதன்மேல் இருக்கும் ஆகாயம், இரண்டுக்கும் நடுவில் அடிக்கிற வெயில், மூன்றும் என் பொறுப்பு. கம்பெனி எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குடை, ஒரு காக்கி உடுப்பு கொடுத்திருக்கிறது. அந்தக் கால்சட்டையின் ஒரு காலில் நான் இருக்கிறேன். இன்னொரு காலை வாடகைக்கு விடலாம்.

பின்னால் படிக்கிறவர்களுக்காகச் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். காளி பொட்டல் ஊர்ப் பொது நிலம். இலந்தங்குடி ஆடுகள் அத்தனையும் மேய்வது இங்கேதான். மழை பெய்தால் இதில் ஓடுகிற தண்ணீர்தான் கண்மாய்க்குப் போகிறது. கௌதாரி, முயல், நரி, கொழுக்கட்டைப் புல், சூரைப்பழம் எல்லாம் இங்கே ஏராளம். ஆனால் சர்க்கார் கணக்கில் இதற்குப் பெயர் தரிசு. கம்பெனி இதில் கண்ணாடித் தகடு பரப்பி வெயிலைப் பிடித்து மின்சாரமாக்கப் போகிறதாம். ‘இந்த நிலத்தை யாரும் பயன்படுத்தவில்லை’ என்று ஒரு அதிகாரி எழுதிவிட்டால் போதும், சுற்றிக் கம்பிவேலி வந்துவிடும். அப்புறம் ஊரில் ஆட்டுக்குட்டியைப் படத்தில்தான் பார்க்க வேண்டும்.

அப்படியிருக்க நான் ஏன் கம்பெனி உடுப்பில் என்று கேட்கலாம். எதிரியின் பாசறைக்குள் ஒற்றனாக நுழைந்திருக்கிறேன். இதை அக்கா இருளாயியிடம் சொன்னேன். அவள் தன் ஆட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமல் ஆட்டைப் பார்த்து, “கம்பெனிக்காரக கூட எல்லாம் எனக்குப் பேச்சு இல்ல” என்றாள். ஆடும் என்னைப் பார்க்கவில்லை.

என் ஆடுகள் போன ஐப்பசி மழையில் கழிச்சல் கண்டு ஒட்டுமொத்தமாகப் பதவி விலகின. அதற்கும் இந்த வேலைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதை அழுத்தம் திருத்தமாக இங்கே பதிவு செய்கிறேன்.

பங்குனி 3

சூப்பர்வைசர் தம்பி நந்தகோபால் தினம் சாயங்காலம் போன் செய்கிறான். டீக்கடை வாசலில் நின்று சத்தமாகத்தான் பேசுவேன். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை, மரியாதை தெரிந்தவன்.

“ஏனுங்க மாமா, இன்னைக்கு எத்தன உருப்படிங்க மேய வந்துச்சு?”

“நாப்பதாயிரம்.”

“நேத்து முப்பதுன்னீங்களே?”

“பத்தாயிரம் குட்டி போட்டுருச்சு தம்பி. நான்தான் பிரசவம் பாத்தேன்.”

“செரிங்க. ‘இல்லை’ன்னு போட்டுக்கறனுங்க.”

“ஏன் தம்பி?”

“நீங்க சொல்றத வெச்சு வேற என்னத்தங்க எழுதறது? உங்களாட்டம் ஒருத்தர் வேணும்னு ஊர் ஊரா விசாரிச்சுல்ல புடிச்சோம்!”

என் புகழ் ஊர் ஊராகப் பரவியிருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. வெகுநேரம் பெருமையாக இருந்தது. பிறகு ஏனோ அவ்வளவு பெருமையாக இல்லை.

பங்குனி 4

இன்று ஒன்றும் நடக்கவில்லை. மிகச் சிறப்பாகக் காவல் காத்தேன்.

பங்குனி 5

விமானத் தாக்குதல். நாற்காலியைக் கொஞ்சம் ஓடைப் பக்கம் நகர்த்திப் போட்டதும் ஆள்காட்டிக் குருவிகள் இரண்டு வானத்தைக் கிழித்துக்கொண்டு வந்து என் தலைக்கு ஒரு சாண் மேலே பாய்ந்தன. அலறிய அலறலில் இலங்கை வரை கேட்டிருக்கும். குனிந்து பார்த்தால் நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக நாலு முட்டை. போர்த் தந்திரம் காரணமாக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் பின்வாங்கினேன். அந்தப் பக்கம் யாரும் போகாதபடி நாலு முள்ளை வெட்டிப் போட்டேன். இதுவும் தந்திரம்தான். பாசம் அது இது என்று யாரும் தப்பாக எழுதிவிட வேண்டாம்.

பங்குனி 6, புதன்

ஊர்க்கூட்டம். உடுப்புக்காரனுக்கு அனுமதி இல்லை என்றுவிட்டார்கள். ஒற்றனுக்கு அனுமதி எதற்கு? தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று முழுக்கக் கேட்டேன்.

மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா நேரில் பார்க்க வருகிறார்களாம். என்றைக்கு வந்தால் தோது என்று ஊரையே கேட்டிருக்கிறார்கள். அம்பலம் ஆண்டிச்சாமி எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, ராஜதந்திரம் பேசினார்.

“என்னங்கப்பா, ஆளு பலத்தைக் காட்டணும். சாதாரண நாள்ல வரச்சொன்னா பாதிச் சனம் திருப்பூர்ல கெடக்கும், மீதிச் சனம் ஆட்டுக்குப் பின்னாடி போயிரும். காப்புக் கட்டுன எட்டு நாளைக்குள்ள வரச்சொல்லுவம். வெளியூருப் பயக அம்புட்டுப் பேரும் வந்திருப்பாக. காப்புக் கட்டுன எவனும் ஊர் எல்லையத் தாண்ட முடியாது. ஊரே திரண்டு நிக்கும். அம்மா மெரண்டு போயிரணும்!”

கைதட்டல் வானைப் பிளந்தது. பங்குனி பதினைந்து வெள்ளி என்று முடிவாயிற்று. தொட்டிக்குப் பின்னால் நானும் கைதட்டிவிட்டேன்.

பங்குனி 8

அக்காதான் கண்டுபிடித்தாள். குழாயடியில் குடத்தை இறக்கி வைத்து, ஊருக்கே கேட்கும்படி, “அம்புட்டுப் பேரும் ஊருக்குள்ள இருப்பம், சரி. பொட்டல்ல யாருடி இருப்பா?” என்று கேட்டாளாம். குழாயில் தண்ணீரே நின்றுவிட்டதாம்.

இதற்கும் விளக்கம் வேண்டும். காளி பொங்கலுக்குக் காப்புக் கட்டிய எட்டு நாளும் பொட்டல் காளிக்குச் சொந்தம். அவள் தன் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து அங்கே மேய்ப்பாள். கையில் மஞ்சள் கயிறு ஏறியவர் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது, ஆட்டை ஓட்டிப் பத்தக் கூடாது, ஒரு பச்சைக் குச்சியை ஒடிக்கக் கூடாது. ஆடுகள் பட்டியில் கிடந்து கடலைக்கொடி தின்னும். ‘யாராவது பயன்படுத்துகிறார்களா’ என்று பார்க்க வருகிற அதிகாரியை, வருசத்திலேயே யாரும் கால் வைக்காத எட்டு நாளாகப் பார்த்து, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறது எங்கள் ஊர்.

பங்குனி 9

அம்பலம் ஆபீசுக்குப் போன் போட்டார். தேதியை மாற்ற முடியாதாம், உத்தரவாகிவிட்டதாம். “நீங்கதானே கேட்டீங்க?” என்றார்களாம். காப்பைத் தள்ளி வைக்கலாமா என்று பூசாரி வேலாயுதத்தைக் கேட்டிருக்கிறார்கள். அவர், “காளிக்கு நீங்களே போன் போட்டுக் கேட்டுக்கங்க” என்று சொல்லிவிட்டார்.

பங்குனி 10

இன்று போனில் ஒரு பரிசோதனை செய்தேன். “எத்தன உருப்படிங்க மாமா?” என்றான் தம்பி. “முன்னூத்திச் சொச்சம்” என்றேன்.

“ஒடம்புக்கு ஏதும் முடியலைங்களா?”

“நெசமாத்தான் தம்பி. எண்ணிப் பாத்தேன்.”

“மாத்திரை ஏதாச்சும் போட்டுட்டு வெரசாப் படுங்க மாமா. நான் ‘இல்லை’ன்னே போட்டுக்கறனுங்க.”

பங்குனி 12, செவ்வாய்

காப்புக் கட்டு. தொட்டில் பிள்ளைக்குக்கூடக் கட்டினார்கள். விருந்தாடியாக வந்த திருப்பூர் மருமகனுக்குக் கட்டினார்கள். வேலாயுதம் வரிசையாகக் கட்டிக்கொண்டே வந்தார். நான் கையை நீட்டினேன். அவர் அம்பலத்தைப் பார்த்தார். அம்பலம் காக்கிச் சட்டையைப் பார்த்தார். வேலாயுதம் எனக்கு அடுத்து நின்றவனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

என் மணிக்கட்டு சாதாரண மணிக்கட்டு அல்ல. அதைச் சுற்ற அவர்களிடம் கயிறு போதாது. அதுதான் காரணம்.

பங்குனி 13

இன்று முழுக்கக் கை அரித்தது. கொசுவாக இருக்கும்.

பங்குனி 15, வெள்ளி

இன்று நடந்ததை எழுத இந்தப் பேனாவுக்குத் தகுதி கிடையாது. இருந்தாலும் இருப்பது இதுதான்.

ஜீப் வந்தது. அதிகாரி அம்மா இறங்கினார். பெயர் லலிதாம்பிகை. நந்தகோபால் அவர் தலைக்குமேல் கம்பெனிக் குடையைப் பிடித்துக்கொண்டு, “பாருங்க மேடம், ஒரு ஆட்டுக்குட்டிகூட இல்லைங்க” என்று கையை விரித்துக் காட்டினான். இல்லைதான். பொட்டல் கழுவித் துடைத்த தட்டுப் போலக் கிடந்தது.

எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் மொத்த இலந்தங்குடியும் மஞ்சள் கயிறும் கையுமாக நின்றது. ஆள் பலத்துக்குக் குறைவே இல்லை. அவர்களுக்குப் பின்னால் பட்டியில் அடைபட்ட ஆடுகள், உள்ளே விடச் சொல்லிக் கத்திய கத்தலில் ஜீப்பின் கண்ணாடி விரிசல் விட்டது.

“யாராவது இங்க வந்து பேசுங்களேன்” என்றார் அம்மா.

“வரக்கூடாதும்மா” என்று அம்பலம் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். “காப்புக் கட்டிருக்கு. நீங்க இங்கிட்டு வாங்க. பானகம் இருக்கு, நீர்மோர் இருக்கு.”

“நான் மோர் குடிக்க வரலை. இந்த நிலத்துல நீங்க ஆடு மேய்க்கிறீங்களா, இல்லையா?”

“மேய்க்கிறோம்மா.”

“அப்ப ஆடு எங்க?”

“பட்டியில.”

“ஏன்?”

“இந்த எட்டு நாளும் காளி மேய்க்கிறா.”

“அவங்க என்ன மேய்க்கிறாங்க?”

“அவ ஆட்டை.”

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, பொட்டலை ஒரு சுற்றுப் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“எங்களுக்கும் தெரியாதும்மா” என்றார் பூசாரி. “பாத்தா கண்ணு போயிரும். அதான் உள்ள போறதில்ல.”

“காளி ஆட்டையெல்லாம் கணக்குல சேத்த முடியாதுங்களே மேடம்” என்று நந்தகோபால் பணிவாக எடுத்துச் சொன்னான்.

அம்மா என் பக்கம் திரும்பினார். “நீங்க தினமும் இங்க இருக்கீங்க. கம்பெனி ஆளு வேற. நீங்க சொல்லுங்க. மத்த நாள்ல ஆடு வருமா? எத்தனை வரும்?”

நந்தகோபால் குடைக்குக் கீழே சிரித்துக்கொண்டான். நாற்பதாயிரம் என் நாக்கின் நுனியில் மந்தையாக வந்து நின்றது. அத்தனையையும் விரட்டிவிட்டுச் சொன்னேன்.

“வரும்மா. முன்னூத்திச் சொச்சம் உருப்படி. பாதி வெள்ளாடு, பாதி செம்மறி.”

எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஊர் கொதித்தது.

“அடேய் மாமா! முன்னூறா? கம்பெனிச் சோறு பேசுதுடா!”

“நேத்து வரைக்கும் நாப்பதாயிரம்னான், இன்னைக்குச் சுருக்கிட்டான் பாரு!”

“காசுக்கு ஊரை வித்துட்டான்யா!”

அம்மா திகைத்துப்போய் அவர்களைக் கேட்டார். “அப்ப எத்தனைதான்?”

“நாப்பதாயிரம்!” என்று ஊரே ஒற்றைக் குரலில் முழங்கியது. நாற்பது வருசமாக நான் சொன்ன எதையும் நம்பாத ஊர், நம்பக் கூடாத நாளாகப் பார்த்து நம்பியது.

அம்மா பேனாவைத் திறந்தார். பைலை ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்தார். அவர் எழுதப்போகிற வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். தினம் சாயங்காலம் போனில் கேட்கிற வார்த்தை. எழுதிவிட்டால் அக்கா ஆட்டை விற்க வேண்டியதுதான். அவள் அழ மாட்டாள். ஆடு இல்லாத பட்டியைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருப்பாள். நான் பெருக்கியிருக்கிறேன். அது என்ன மாதிரி வேலை என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் என் கை மறுபடியும் அரித்தது. சொறியக் குனிந்தவன் பார்த்தேன். வெறும் மணிக்கட்டு. கயிறு இல்லை. இலந்தங்குடியில் பிறந்து, இந்தப் பூமியில் இந்த எட்டு நாளும் எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதை வேண்டுமானாலும் பத்தலாம் என்கிற ஒரே ஒரு மனிதப் பிறவி நான்தான்! காளிக்கும் எனக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை!

குடையை எறிந்தேன். கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பட்டிகளை நோக்கிப் புயலாகப் பாய்ந்தேன். “எங்கடா போறான்?” என்று யாரோ கத்தினார்கள். அக்கா தன் பட்டி வாசலில் நின்றாள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. திரும்பி நின்று படலின் கயிற்றை அவிழ்த்தாள். பட்டி ஊருக்குள் இருக்கிறது. படலைத் திறக்கக் கூடாது என்று எந்தக் காப்பும் சொல்லவில்லை. அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி தன் படலை அவிழ்த்தாள். அப்புறம் வரிசையாக அத்தனை படலும் விழுந்தன. அம்பலம், “ஏய், ஏய்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பட்டியை அவர் பெண்டாட்டியே திறந்துவிட்டாள்.

பிரளயம்! ஆடுகள் காட்டாறாகப் பாய்ந்தன. புழுதி எழுந்து சூரியனை மறைத்தது. மதுரையில் விளக்கேற்றினார்கள். குளம்புச் சத்தத்தில் கண்மாய்க்கரை குலுங்கியது. ஜீப் தானாகப் பின்னால் நகர்ந்தது. நந்தகோபால் ஓடைப் பக்கம் ஒதுங்கப் போக, முள்ளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குருவிகள் இரண்டும் கிளம்பி அவனை ஜில்லா எல்லை வரை துரத்தின.

பிறகு புழுதி அடங்கியது. அம்மா எழுதவில்லை. பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றாக உள்ளே போன மந்தை தானாகப் பிரிந்தது. அம்பலத்தின் ஆடுகள் மேற்கே ஊருணிப் பக்கம் போயின. அக்காவின் செவலைகள் ஓடைக்கரை உடைமரத்துக்குப் போயின. செம்மறிகள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொழுக்கட்டைப் புல்லுக்குப் போயின. எல்லாம் நடந்து நடந்து வெளுத்த தடங்களில், ஒன்றன் பின் ஒன்றாக. நான் நடுவில் சும்மா நின்றேன்.

“இதுங்களுக்கு யாரு வழி சொல்றது?” என்று கேட்டார் அம்மா.

“யாரும் சொல்றதில்லம்மா. அதது அதது எடம்.”

“எல்லாம் செட்டப்புங்க மேடம்” என்றான் நந்தகோபால், மூச்சு வாங்கிக்கொண்டு.

“முந்நூறு ஆட்டுக்கு ஒத்திகை பார்த்தாங்களா தம்பி?” என்று கேட்டுவிட்டு, அம்மா குனிந்து ஒரு தடத்தில் கையை வைத்துப் பார்த்தார். கிடந்த ஆட்டுப்புழுக்கைக் குவியல் ஒன்றைக் காலால் புரட்டினார். அடியில் காய்ந்த பழைய புழுக்கை, அதற்குக் கீழே அதைவிடப் பழையது. அப்புறம் எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது. நீளமாக எழுதினார்.

போகும்போது எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் போய் நீர்மோர் குடித்தார். இரண்டு டம்ளர்.

பங்குனி 16

கம்பெனியை இன்றோடு வேலையை விட்டு நீக்கினேன். உடுப்பைத் துவைத்து மடித்துக் கொடுத்தேன். நந்தகோபால், “ஏனுங்க மாமா இப்படிப் பண்ணிட்டீங்க?” என்றான். “மாத்திரை போட்டேன் தம்பி, சரியாயிருச்சு” என்றேன்.

பங்குனி 19, செவ்வாய்

பொங்கல் முடிந்து காப்பு அவிழ்த்த கையோடு விசாரணை. என்னை நடுவில் நிறுத்தினார்கள். தொட்டிக்குப் பின்னால் நிற்பதைவிட இங்கே தெளிவாகக் கேட்கிறது.

“காளி மேய்ச்சல்ல ஆடு புகுந்திருச்சு. குத்தம் நடந்திருக்கு. பத்துனது யாரு?” என்றார் அம்பலம்.

“மாமா.”

“மாமாவுக்குக் காப்பு உண்டா?”

“இல்ல.”

“அப்ப அவருக்குக் குத்தம் ஒட்டாதே” என்றார் பூசாரி.

“குத்தம் நடந்திருக்கேய்யா! அது யாரு மேலயாவது ஒட்டணும்ல?”

“கட்டாம விட்டவுக மேல ஒட்டும்” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

எல்லாரும் பூசாரியைப் பார்த்தார்கள். பூசாரி அம்பலத்தைப் பார்த்தார். அம்பலம் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். வெகுநேரம் யோசித்தார்கள். அந்த நேரத்தில் ஒரு கோழி முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து அதற்குக் கல்யாணமும் செய்துவைத்திருக்கலாம். கடைசியில் தீர்ப்பு: மாமாவைத் தண்டிக்க வேண்டும். தண்டிக்க வேண்டுமானால் அவர் ஊர்க்காரராக இருக்க வேண்டும். ஆகவே முதலில் காப்புக் கட்டுவது, பிறகு தண்டிப்பது.

ஏழு நாள் தாமதமாக, ஊர் முழுக்க அவிழ்த்த பிறகு, எனக்கு மட்டும் கட்டினார்கள். கயிறு போதுமாக இருந்தது.

தண்டனை: காளிக்கு நேர்ந்துவிட்ட ஆடுகள் அத்தனையையும் இனி நான்தான் மேய்க்க வேண்டும். மேய்ந்து பெருகுகிற குட்டியில் பாதி எனக்கு. நான் மிகுந்த வேதனையோடு தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தால் பல் தெரிந்திருக்கும்.

பங்குனி 27

அறிக்கை வந்துவிட்டது. அம்பலம் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ‘மேய்ச்சல் நடைபெறுகிறது. தரிசு அல்ல.’ கம்பெனி மறு ஆய்வு கேட்டிருக்கிறதாம். ஆறு மாசத்தில் வேறொரு அதிகாரி வரலாம். வரட்டும். தேதி கேட்டால் இந்தத் தடவை அக்காதான் சொல்ல வேண்டும் என்று ஊரில் தீர்மானம்.

இந்த டைரியை முழுக்கப் படித்துப் பார்த்தேன். நாற்பதாயிரம் பொய். ஜீப்பின் கண்ணாடியில் விரிசல் இல்லை. மதுரையில் யாரும் விளக்கேற்றவில்லை. காட்டாறு, பிரளயம், கண்மாய்க்கரை குலுங்கியது, அதெல்லாம் என் கைவரிசை. அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை என்று எழுதியிருக்கிறேனே, அதுவும் பொய்.

படலின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “சினையாடு ரெண்டு கெடக்கு. பைய பத்து, தம்பி” என்றாள்.

பைய பத்தினேன். அது ஒன்று மட்டும் நிஜம்.